புரோக்கர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவித்தொகை மனு எழுதிக் கொடுத்து, அவர்கள் கூடவே ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிற ஆளுக்கு நம் பக்கத்தில் ஒரே பெயர்தான். புரோக்கர். ஆபீஸில் சொல்கிறார்கள், டீக்கடையில் சொல்கிறார்கள். போன மாதம் ஓய்வூதியர் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது நம்மவர் ஒருவரே சொன்னார், "அவனுக்கு ஒரு மனுவுக்கு எவ்வளவு கமிஷனோ" என்று. அங்கேயே பதில் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அவர் குறிப்பிட்ட தம்பியை எனக்கு நாலைந்து வருடமாகத் தெரியும். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பிப் போனவர். அரசு கொடுத்த இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் திருவெண்ணெய்நல்லூரைச் சுற்றி இருக்கிற கிராமங்களுக்கெல்லாம் போய் வருவார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஜெராக்ஸ் செலவும் இ-சேவை மையத்தில் கட்டுகிற பணமும் யாருடைய மனுவோ அவர்களுடையது. அதற்கு மேல் இவர் வாங்குவது ஒரு டீ. சில ஆயாக்கள் முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் வாங்கிக்கொள்கிறார். கமிஷன் கணக்கு இவ்வளவுதான்.

இனி அவர் என்ன வேலை செய்கிறார் என்று பாருங்கள். நம் மாநிலத்தில் மாற்றுத்திறனாளிக்கு மாதப் பணம் தருகிற கதவு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று வருவாய்த் துறை. தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்று இருக்கிற தனி தாசில்தார், அவருக்குக் கீழே ஆர்.ஐ., வி.ஏ.ஓ. முதியோர் பென்ஷன், விதவை பென்ஷன் எல்லாம் போகிற அதே வழி. இன்னொன்று மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. அதற்கு விழுப்புரத்தில் மாவட்ட அலுவலர். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், மனவளர்ச்சி குன்றியவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள், முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் ஆகியோருக்கு அங்கே பராமரிப்பு உதவித்தொகை. முதல் கதவில் 1,500 ரூபாய் என்றால் இரண்டாவது கதவில் 2,000. ஒருவர் இரண்டையும் வாங்க முடியாது. யார் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது எந்தச் சுவரிலும் எழுதியில்லை.

இந்த இரண்டு கதவுக்கும் முன்னால் மூன்றாவதாக ஒரு கதவு உண்டு. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி. டாக்டர் பார்த்து இத்தனை சதவீதம் என்று எழுதினால்தான் மற்றதெல்லாம். 2021 ஜூன் 1 முதல் அந்தச் சான்றை மத்திய அரசின் இணையதளம் வழியாகத்தான் தர வேண்டும் என்று ஆகிவிட்டது. அட்டையில் வெள்ளைக் கோடு என்றால் 40க்குக் கீழே, மஞ்சள் என்றால் 40 முதல் 79 வரை, நீலம் என்றால் 80ம் அதற்கு மேலும். அட்டை நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பக்கவாதக்காரர் பஸ் ஏறி விழுப்புரம் வந்து, அங்கே இன்னொரு பஸ் மாறி முண்டியம்பாக்கம் போக வேண்டும். டவுன் பஸ்ஸில் அவருக்கு டிக்கெட் இல்லை. சரி, அந்தப் படியில் யார் தூக்கி ஏற்றுவது? கலைஞர் மாற்றுத்திறனாளி என்று நல்ல பெயர் வைத்தார். பெயர் மாறியது, பஸ் படியின் உயரம் மாறவில்லை.

தம்பியின் வேலை இந்த மூன்று கதவுகளுக்கு நடுவில்தான். எந்தக் கிழமை டாக்டர் இருப்பார், எந்தச் சான்றில் பெயரின் முதல் எழுத்து ஆதாரோடு ஒத்துப் போகவில்லை, பேங்க் கணக்கு தூங்கிப்போயிருக்கிறதா, எந்த மனு எந்தக் கதவுக்கு என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஒருவரை உட்காரவைத்துச் செய்ய வேண்டிய வேலையை இவர் பெட்ரோல் போட்டுக்கொண்டு செய்கிறார்.

போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஒரு அம்மா, முப்பது வயதுப் பையன். பையனுக்குப் பிறந்ததிலிருந்தே மனவளர்ச்சி இல்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடியே நின்றான். சான்றில் 60 சதவீதம். கவுண்டரில் இருந்தவர் பார்த்துவிட்டு, "75 இருந்தாதாம்மா வரும், இது வராது" என்று காகிதத்தைத் தள்ளினார். அந்த அம்மா மறுபேச்சுப் பேசாமல் திரும்பினார். தம்பிதான் முன்னால் போய், "சார், கடும் பாதிப்புக்குத்தான் 75. மனவளர்ச்சி குன்றியவங்களுக்கு 40 போதும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், நான் பக்கத்திலேயே இருந்தேன். அதற்கு வந்த பதில், "நீ யாருய்யா? புரோக்கரா? வெளிய போ."

சொன்னது சரியா தவறா என்று அவர் பார்க்கவில்லை. விதியைப் புரட்டியிருந்தால் ஒரு நிமிட வேலை. யார் சொன்னது என்பதுதான் அவருக்குக் கேள்வியாகிவிட்டது. அந்த இடத்தில் தம்பி இல்லாதிருந்தால் அந்த அம்மா "வராதாம்" என்று ஊரில் போய்ச் சொல்லியிருப்பார். ஊரில் அதே நிலையில் இருக்கிற இன்னும் இரண்டு தாய்மார்களும் மனுவே போட்டிருக்க மாட்டார்கள். ஒரு தவறான வாய்வார்த்தை இப்படித்தான் கிராமத்துக்கே சட்டமாகிறது.

மேசைக்கு அந்தப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் ஒரு உண்மையைச் சொல்லலாம். ஒரு மனுவை முடிப்பதற்கு இரண்டு வழி உண்டு. கேட்டதைக் கொடுத்து முடிக்கலாம். குறை எழுதித் திருப்பியும் முடிக்கலாம். மாதக் கடைசியில் போடுகிற நிலுவைப் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே கலம்தான், "முடிவு செய்யப்பட்டது". முதல் வழிக்கு நோட் எழுத வேண்டும், மேலே அனுப்ப வேண்டும், நாளைக்குத் தணிக்கையில் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு ஒரு வரி போதும். கொடுத்ததற்குத் தணிக்கை உண்டு. கொடுக்காமல் விட்டதற்கு எந்தத் தணிக்கையும் நான் பார்த்ததில்லை. அந்தத் தணிக்கையைத்தான் தம்பி கவுண்டருக்கு வெளியே நின்று செய்கிறார். கோபம் வருவதில் ஆச்சரியம் என்ன?

நம் ஊருக்கே இந்த விஷயத்தில் ஒரு பழைய பெருமை உண்டு. புத்தூரில் சுந்தரர் மணக்கோலத்தில் இருந்தபோது ஒரு கிழவர் வந்து, "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது" என்றார். சுந்தரர் அதை வாங்கிக் கிழித்துப் போட்டார். வழக்கு எங்கே வந்தது? நம் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு. கிழித்தது படி ஓலைதான் என்று சொல்லி மூல ஓலையை நீட்டினார் கிழவர். சபையார் என்ன செய்தார்கள் என்பதைப் பெரியபுராணத்தில் கவனித்துப் படியுங்கள். பாட்டனார் கையெழுத்துத்தானா என்று ஒப்பிட வேறொரு ஓலை தேவைப்பட்டது. அதைத் தங்கள் காப்பிலிருந்தே எடுத்துவரச் செய்து ஒப்பிட்டார்கள். "போய் இன்னொரு ஓலை வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வா" என்று அந்தக் கிழவரைத் துரத்தவில்லை. இத்தனைக்கும் அவர் யார், எந்த வீடு என்று அங்கே யாருக்கும் தெரியாது. தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வீட்டைக் காட்டச் சொன்னார்கள். அவர் அருட்டுறைக் கோயிலுக்குள் போனார் என்பது எல்லாரும் அறிந்த கதை.

இன்றைக்கு ரேஷன் கார்டு அரசிடம் இருக்கிறது. ஆதார் இருக்கிறது. சதவீதம் எழுதிய சான்று அரசு டாக்டர் அரசு இணையதளத்தில் ஏற்றியது. இத்தனையும் காப்பில் வைத்துக்கொண்டு, அவற்றின் ஜெராக்ஸைக் கால் இல்லாதவன் சுமந்துகொண்டு வர வேண்டும் என்று கேட்பது என்ன நியாயம்? நூற்றாண்டுகளுக்கு முந்தைய சபைக்கு இருந்த புத்தி கம்ப்யூட்டர் வைத்த ஆபீஸுக்கு இல்லையா?

அதே சுந்தரர் பின்னாளில் திருவொற்றியூரில் பார்வை இழந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. ஒரு கண் காஞ்சியில், மறு கண் திருவாரூரில். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொன்று. வழியெல்லாம் அவர் கெஞ்சிக்கொண்டே போனார் என்று நினைத்துவிடாதீர்கள். சாமியோடு சண்டை போட்டார், ஏசியும் பாடினார். தேவாரம் தெரிந்த நம் நண்பர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவரைக் கோயிலில் வைத்துக் கும்பிடுகிறோம். இங்கே ஒருவர் குரல் உயர்த்திக் கேட்டால் திமிர் என்கிறோம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அங்கே படித்ததில் பாதி மறந்துவிட்டது, ஒரு சொல் மட்டும் போகவில்லை. அயான் துருவா. அரசாங்கத்திடமிருந்து ஒரு தொகை பெறத் தகுதி உள்ளவரை அவர்கள் காகிதத்தில் இப்படி எழுதுவார்கள். உரிமை உடையவர் என்று பொருள். நம் படிவத்தில் பயனாளி. பயனாளி என்றால் யாரோ கொடுக்க, இவர் வாங்கிக்கொள்கிறார். பிரான்ஸ் சொர்க்கபுரி என்று சொல்ல வரவில்லை. 2005 பிப்ரவரி 11ஆம் தேதிச் சட்டத்தால்தான் அங்கே மாவட்டத்துக்கு ஒரு மாற்றுத்திறனாளிகள் இல்லம் அமைத்து, மனு எல்லாம் ஒரே இடத்தில் என்று ஆக்கினார்கள். அங்கேயும் பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கணவன் அல்லது மனைவியின் சம்பளத்தைக் கணக்கில் சேர்த்து உதவித்தொகையைக் குறைக்கிற வழக்கத்தை 2023 அக்டோபரில்தான் விட்டார்கள், அதுவும் பல வருடம் போராடிய பிறகு. இங்கே விசாரணைக்கு வருகிறவர், "கல்யாணம் ஆன அண்ணன் இருக்கான் இல்ல, அவன் பாத்துக்க மாட்டானா?" என்று கேட்கிறார். எந்த அண்ணன் பார்த்துக்கொள்கிறான், எத்தனை நாள் பார்த்துக்கொள்வான் என்பது நம் வயதுக்காரர்களுக்குத் தெரியாததா?

இனி கணக்குக்கு வருகிறேன். "இலவசமாகக் கொடுத்துக் கொடுத்து நாடு கெட்டது" என்கிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். மத்திய அரசு, 80 சதவீதத்துக்கு மேல் ஊனம் உள்ள ஏழைக்குத் தன் பங்காகத் தருவது மாதம் 300 ரூபாய். 2012இல் வைத்த தொகை. நமக்கு வருடத்துக்கு இரண்டு முறை பஞ்சப்படி ஏறுகிறது. ஒரு தவணை தள்ளிப் போனால் என்ன பேச்சுப் பேசுகிறோம்! அந்த 300 மட்டும் அசையவே இல்லை.

மாநிலத்தில் 2011இல் ஆயிரம் ரூபாய் ஆக்கினார்கள். முதியவருக்கும் ஆயிரம், மாற்றுத்திறனாளிக்கும் ஆயிரம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19இல் அமலுக்கு வந்தது. அதில் 24வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: மற்றவர்களுக்கான அதேபோன்ற திட்டத்தில் தருவதைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தபட்சம் 25 சதவீதம் அதிகம் தர வேண்டும். அப்படியென்றால் அன்றிலிருந்தே 1,250 ஆகியிருக்க வேண்டும். வருவாய்த் துறை வழியில் அது 2023 வரை ஆயிரமாகவே இருந்தது. ஏறக்குறைய ஆறு வருடம். ஒரு ஆளுக்கு மாதம் 250 என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பணத்துக்கு யாரும் அரியர் போடவில்லை, கேட்கவும் ஆளில்லை.

2023இல் மாற்றுத்திறனாளிக்கு 1,500 ஆக்கினார்கள், முதியவருக்கு 1,200. பென்சிலை எடுத்துப் பாருங்கள். 1,200க்கு 25 சதவீதம் 300. கூட்டினால் சரியாக 1,500. சட்டம் "குறைந்தபட்சம்" என்று தரையைக் காட்டியது. நம்மவர்கள் அதையே கூரையாக எடுத்துக்கொண்டது போலத்தான் எனக்குத் தெரிகிறது. அதே 2023இல் தெலங்கானாவில் 4,016 ஆனது. 2024 ஜூலை முதல் ஆந்திராவில் 6,000.

1,500 கூட எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்? இதே "புரோக்கர்கள்" தெருவில் உட்கார்ந்ததும் அதற்கு ஒரு காரணம். தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் என்று ஒன்று இருக்கிறது. பெயர் நீளம்தான். நம்புராஜன் அதன் தலைவர்களில் ஒருவர். 2021 பிப்ரவரியில் அவர்கள் மாநிலம் முழுக்கக் குடியேறும் போராட்டம் நடத்தினார்கள். தெலங்கானா, புதுச்சேரி போல உதவித்தொகையை உயர்த்து என்பது கோரிக்கை. சக்கர நாற்காலியோடும் ஊன்றுகோலோடும் வந்தவர்களைப் பார்த்துப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நம்மில் எத்தனை பேர் முகம் சுளித்திருப்போம்! டெல்லியிலும் இதே கதைதான். சக்கர நாற்காலியில் இருந்த ஜாவேத் அபிதி என்பவர் 1995 டிசம்பர் 19 அன்று தன் போன்றவர்களைத் திரட்டிக்கொண்டு பார்லிமென்ட் வாசலுக்குப் போனார். இழுத்துக்கொண்டே கிடந்த மசோதா மூன்றாம் நாள், டிசம்பர் 22, மக்களவையில் நிறைவேறியது. இந்த நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று வந்த முதல் முழுமையான உரிமைச் சட்டம் அது.

டிசம்பர் என்றதும் நம் ஞாபகத்துக்கு வருவது 17ஆம் தேதி. 1982இல் அன்றுதான் நகரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் பென்ஷன் அரசு போடுகிற பிச்சை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. வருடா வருடம் அந்த நாளை ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடி, கேசரி சாப்பிட்டுவிட்டு வருகிறோம். அந்த வழக்கைத் தொடுத்தவர் நகரா மட்டும் இல்லை. எச்.டி. ஷோரி நடத்திய காமன் காஸ் என்கிற பொதுநல அமைப்பும் மனுதாரராக நின்றது. நமக்காக அடுத்தவர் மனு எழுதினார், கோர்ட் படி ஏறினார், அதன் பலனை நாம் மாதா மாதம் வாங்குகிறோம். ஷோரியை நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்?

நிஜ புரோக்கரே கிடையாது என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார்கள். மூன்று மாதப் பணத்தை முன்னாலேயே பேசிக்கொண்டு, பாஸ் புக்கைத் தன்னிடம் வைத்துக்கொள்கிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். விதி என்ன என்று கேளுங்கள். புரோக்கர் சொல்ல மாட்டான், "அதெல்லாம் உனக்கு எதுக்கு, நான் பாத்துக்கிறேன்" என்பான். விதி வெளியே தெரிந்தால் அவன் கடையை மூட வேண்டும். தம்பி விதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்து, "அடுத்த தெருவுல யாருக்காவது தேவைப்பட்டா காட்டுங்க ஆயா" என்று அனுப்புகிறார். "இடைத்தரகர்களை நம்பி ஏமாறாதீர்கள்" என்று போர்டு வைத்திருக்கிற ஆபீஸில், 40க்கு எது, 75க்கு எது, யார் எந்தக் கதவு என்று ஒரு போர்டு இல்லை. இரண்டாவது போர்டை வைத்தால் முதல் போர்டுக்கு வேலையே இருக்காது.

துணைக்கு ஆள் வருவதே தப்பு என்பது போலச் சிலர் பேசுகிறார்கள். தானாக மனு செய்ய முடியாதவருக்காகச் சட்டப்படியான பாதுகாவலரோ, அவரைப் பராமரிக்கிற பதிவு பெற்ற அமைப்போ மனு செய்யலாம் என்று 2017ஆம் ஆண்டு விதியிலேயே இருக்கிறது. இன்னொரு கை தேவைப்படும் என்று விதி எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அந்த விதியில் சான்று தர ஒரு மாதம் கெடு வைத்திருந்தார்கள். 2024 அக்டோபரில் திருத்தி மூன்று மாதம் ஆக்கிக்கொண்டார்கள். இரண்டு வருடம் முடிவு எடுக்காமலே விட்டால் மனு செயலற்றுப் போய்விடுமாம். தாமதம் அவர்களுடையது, மறுபடி அலைய வேண்டியது மனு போட்டவர்!

சரி, செய்யக்கூடியது என்ன? அடுத்த ஓய்வூதியர் கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். தாலுகா அலுவலக வாசலில் விதிகளைப் பெரிய எழுத்தில் எழுதிய போர்டு வேண்டும். அரசே செய்யாவிட்டால் செலவை நம் சங்கம் ஏற்கலாம், எல்லாரும் தலைக்கு 50 ரூபாய் போட்டால் தீர்ந்தது. மனுவைத் திருப்பினால் எந்த விதிப்படி என்று எழுத்தில் தர வேண்டும், வாய்வார்த்தை கூடாது. துணைக்கு வருபவருக்கும் உள்ளே ஒரு நாற்காலி வேண்டும். இதைக் கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க என்னோடு இரண்டு பேர் வந்தால் போதும். விதிப் புத்தகம் படிக்கத் தெரிந்த ரிட்டயர்ட் சிரஸ்தார்களும் சூப்பரின்டென்டென்ட்களும் நம் ஊரில் எத்தனை பேர் காலையில் பேப்பரைப் புரட்டிக்கொண்டு சும்மா இருக்கிறோம்! வாரத்துக்கு ஒரு நாள் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து மனுவைச் சரிபார்த்துக் கொடுத்தால் நம்மையும் புரோக்கர் என்பார்கள். சொல்லட்டும்.

தீர்மானத்தை எதிர்க்க நினைப்பவர்கள் தாராளமாக எதிர்க்கலாம். ஆனால் பெயரும் பி.பி.ஓ. நம்பரும் எழுதி, கையெழுத்துப் போட்டு எதிர்க்கட்டும்.